கேள்வி – பதில்: பதினாறு நிறங்களில் ஒரு பிழைப்பு

ஃப்ரீலான்ஸ் ஓவியராக இருந்துகொண்டே கணினி விளையாட்டுகளுக்கும் வரைந்து பிழைக்க முடியுமா என்பதைச் சுற்றியே இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அமைந்திருந்தன. பொதுவான அறிவுரைகளைவிட ஒருவருடைய பணிவாழ்க்கையை முன்வைத்துப் பேசுவது பயன் தரும் என்பதால், அமெரிக்க ஓவியரான மார்க் ஃபெராரியின் அனுபவத்தை மையமாகக் கொண்டு பதில்களை எழுதியிருக்கிறேன். தேவைப்படும் இடங்களில் மட்டும் வேறு சிலரும் வருகிறார்கள்.

கேள்வி: நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவி. தாளும் கலர் பென்சிலுமாகவே பழகியவள். கணினியில் வரையத் தெரியாத என்னை விளையாட்டு நிறுவனங்கள் பொருட்படுத்துமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் ஃபெராரிதான் நினைவுக்கு வந்தார். 1980களில் அவர் கலர் பென்சிலால் மாயாஜாலக் கதை ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தவர். கலிஃபோர்னியாவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்தபோது கணினியில் வரைந்த பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் 1988இல் வெளிவந்த ‘ஸாக் மெக்ராக்கன்’ விளையாட்டிலேயே அவருடைய கைவேலை இடம்பெற்றுவிட்டது. மென்பொருளைச் சில வாரங்களில் கற்பித்துவிடலாம், ஒளி எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கும் கண்ணை அப்படிக் கற்பிக்க இயலாது என்று அந்த நிறுவனத்தார் கணக்கிட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதை வைத்துக்கொண்டு கணினியைப் புறக்கணித்துவிடலாம் என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. உள்ளே நுழைந்த பிறகு ஃபெராரி அந்த இயந்திரத்தை அதன் கடைசிப் பிக்சல் வரை படித்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தப் படிப்புதான். தவிர, இன்றைக்கு எந்த நிறுவனமும் ஓவியக் கோப்புகளை டிஜிட்டலாகத்தான் கேட்கும். பாத்திர வடிவமைப்பு, பின்னணி ஓவியம், விளையாட்டு உருவாவதற்கு முன்பே அதன் உலகைக் கற்பனை செய்து தரும் கான்செப்ட் ஆர்ட், திரையில் தெரியும் பொத்தான்களும் சின்னங்களும் என்று வேலைகள் பல பிரிவுகளாக இருக்கின்றன. தாளில் பழகியவர்களுக்கு முதல் மூன்றும் எளிதில் வசப்படும். ஒரே தெருவை விடியற்காலையிலும், உச்சி வெயிலிலும், விளக்கு வைத்த பிறகும் வரைந்து அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். ஐம்பது தனித்தனிப் படங்களைவிட அந்த மூன்று படங்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

கேள்வி: பழைய விளையாட்டுகளின் படங்களை இன்றும் சிலாகிக்கிறார்கள். வெறும் 16 நிறங்களில் வரைந்தவற்றில் அப்படி என்ன ஓவியத் திறமை இருந்துவிட முடியும்? (சேலத்திலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்)

முதலில் அந்த 16 நிறங்கள் யாவை என்று பார்த்துவிடலாம். ஐபிஎம் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த ஈஜிஏ என்னும் வரைகலை அட்டையில், விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்திய 320க்கு 200 பிக்சல் திரையில், ஓவியர் விரும்பிய நிறங்களைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கறுப்பு, வெள்ளை, இரண்டு சாம்பல் நிறங்கள், ஒரு பழுப்பு, ஒரு மஞ்சள், கண்ணைக் குத்தும் பச்சை, நீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகள் என்று அட்டையைச் செய்தவர்கள் நிர்ணயித்துக் கொடுத்தவைதான் இருந்தன. அவற்றைத் தட்டையாகப் பூசினால் குழந்தைகளின் வண்ணப் புத்தகம் போன்ற படம்தான் கிடைக்கும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் பல அப்படித்தான் இருந்தன.

ஃபெராரி அங்கே டித்தரிங் என்னும் உத்தியைக் கையாண்டார். இரண்டு நிறப் பிக்சல்களைச் சதுரங்கக் கட்டம்போல மாற்றி மாற்றி வைத்தால், சற்றுத் தள்ளியிருந்து பார்க்கும் கண்ணுக்கு அவை கலந்து மூன்றாவது நிறமாகத் தெரியும். பாவில் நீல இழையும் ஊடையில் பச்சை இழையும் ஓட்டி, இழை எதிலும் இல்லாத மயில்கழுத்து நிறத்தைப் பட்டுச்சேலையில் வரவழைக்கும் நெசவாளரின் கணக்கு இது. 16 நிறங்களை இப்படி இரண்டிரண்டாக இணைத்தால் 120 இணைகள் கிடைக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கண்ணை உறுத்தும் என்பதால் எதை எதனுடன் சேர்ப்பது என்பதில்தான் ஓவியரின் தேர்ச்சி இருக்கிறது. அந்நாளையக் கண்ணாடிக்குழல் திரைகளில் பிக்சல்களின் விளிம்பு இலேசாகக் கசியும் என்பதும் இந்தக் கலப்புக்கு உதவியது. அதனால்தான் அதே படங்களை இன்றைய கூர்மையான திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு வெறும் புள்ளிக் கூட்டமாகத் தெரிகிறது.

இந்த உத்தியை நிறுவனம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. விளையாட்டுகள் நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்ட காலம் அது. ஒரே நிறம் வரிசையாகத் தொடர்ந்தால் ‘இந்த நிறம், இத்தனை பிக்சல்’ என்று சுருக்கி எழுதி இடத்தை மிச்சப்படுத்தலாம். பிக்சலுக்குப் பிக்சல் நிறம் மாறும் படத்தை அப்படிச் சுருக்க முடியாது. வட்டுகளின் எண்ணிக்கை கூடினால் தயாரிப்புச் செலவும் கூடும் என்பதால், படம் அழகாக இருந்தும் அது மறுக்கப்பட்டது. பிறகு அந்தப் படங்களைப் பார்த்து மனம் மாறியவர்கள் புள்ளி மாற்றங்களையும் சுருக்கும் வழியை நிரலாளர்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். பிரையன் மோரியார்ட்டி வடிவமைத்து 1990இல் வெளியான ‘லூம்’ விளையாட்டின் நீலம் படர்ந்த இரவுக் காட்சிகளில் இந்த உத்தியின் முழு வீச்சையும் காணலாம். நெசவாளர் குழு ஒன்றைப் பற்றிய கதை அது என்பதால், மேலே பட்டுச்சேலையை இழுத்து வந்ததைப் பொறுத்துக்கொள்வீர்கள். அதே ஆண்டு வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டின் பின்னணிகளை ஸ்டீவ் பர்செல், மைக் ஈபர்ட் ஆகியோருடன் சேர்ந்து ஃபெராரி வரைந்தார்.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். 256 நிறங்கள் காட்டும் விஜிஏ 1987இலேயே வந்துவிட்டது. வாங்குபவர்களின் வீடுகளில் பழைய அட்டைகளே அதிகம் இருந்ததால்தான் 16 நிறத்தில் தொடர்ந்து வரைய வேண்டியிருந்தது. விளையாட்டு ஓவியர் தம்மிடம் உள்ள நல்ல கணினிக்காக வரைவதில்லை. வாடிக்கையாளரிடம் இருக்கும் சாதாரணக் கணினிக்காக வரைகிறார். கைப்பேசி விளையாட்டுகளுக்கு வரைபவர்களுக்கு இந்த நிலை இன்றும் மாறவில்லை.

கேள்வி: ஒரு மென்பொருளைக் கற்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட துறையில் ஒருவர் முப்பது ஆண்டுகள் நிலைக்க முடியுமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

ஃபெராரி நிலைத்தார், ஆனால் இடையில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை மறைத்துவிட்டு வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும்.

விஜிஏ பரவலான பிறகு அவர் கலர் சைக்கிளிங்கில் தேர்ந்தார். அன்றைய திரையில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை நேரடியாக வைத்திருக்கவில்லை. ஓர் எண்ணை மட்டுமே வைத்திருந்தது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனியாக ஓர் அட்டவணை சொல்லும். அருவிக்கென்று எட்டு நீல எண்களை ஒதுக்கி, அட்டவணையில் அவற்றின் நிறங்களை வட்டமாகச் சுழற்றினால், ஒரு பிக்சலைக்கூடத் திரும்ப வரையாமலே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அட்டவணை முழுவதையும் மெல்ல மாற்றினால் அதே காட்சி விடிந்து, வெயிலேறி, இருட்டிவிடும். 1990களில் ‘சீஸ் த டே’ என்னும் நாட்காட்டி மென்பொருளுக்காக அவர் செய்த காட்சிகளில், ஒரே ஓவியம் நேரத்துக்கு ஏற்ப ஒளி மாறியபடி மழையாகவும் பனியாகவும் அசைகிறது. தனிப்பட்ட முறையில், அந்தக் காலத்து முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றைவிட இவை நன்றாக மூப்படைந்திருக்கின்றன என்பேன்.

ஆனால் அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆயுள் குறைவாக இருந்தது. ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தைத் தானே வைத்திருக்கும் திரைகள் வந்தபோது அட்டவணை என்பதே இல்லாமல் போனது. சுழற்றுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கூடவே முப்பரிமாணமும் வந்து, கையால் பிக்சல் வைப்பவர்களுக்கான வேலையை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஃபெராரி எழுத்துப் பக்கம் திரும்பினார். 2007இல் அவருடைய மிகுபுனைவு நாவல் ஒன்று அச்சில் வந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை அவர் திட்டமிட்டிருக்க முடியாது. 2010இல் ஜோசப் ஹக்கபி என்னும் நிரலாளர் அந்தப் பழைய சுழலும் காட்சிகளை இணைய உலாவியில் ஓடும்படி மறுஉருவாக்கம் செய்ய, அவற்றை முன்பு கண்டிராத ஒரு தலைமுறை பார்த்து வியந்தது. ‘மங்கி ஐலண்ட்’ படைப்பாளி ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 2014இல் ‘திம்பிள்வீட் பார்க்’ விளையாட்டுக்காக மக்களிடம் 3,75,000 டாலர் திரட்ட முனைந்து 6,26,000 டாலருக்கு மேல் பெற்றார்கள். அதன் பின்னணி ஓவியங்களுக்கு ஃபெராரியை அழைத்தார்கள். 2016இல் விளையாட்டு உருவாக்குநர்களின் ஆண்டு மாநாடான ஜிடிசியில் தம் பழைய உத்திகளை அவர் விளக்கிய உரை பெரிதும் பேசப்பட்டது. 2017 மார்ச்சில் அந்த விளையாட்டு வெளிவந்தது.

இந்த மறுவருகையை நம்பி யாரும் தொழிலைத் திட்டமிட முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. கருவி செத்த பிறகும் அவரிடம் மீதமிருந்தவை ஒளியைப் பற்றிய அறிவும், குறைந்த நிறங்களில் சிந்திக்கும் பழக்கமும், பழைய சக ஊழியர்களின் நட்பும். மூன்றாவது அவருக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கவனியுங்கள்: வின்னிக் அவருடைய லூகாஸ்ஃபிலிம் காலத்துச் சக ஓவியர்.

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி விளையாட்டுக்கு யோஷிடாகா அமானோ வரைந்த மூல ஓவியங்களைப் பார்த்தேன். விளையாட்டில் வரும் குள்ள உருவங்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லையே? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

தொடர்பு உண்டு, இடையில் இன்னொரு ஓவியரின் உழைப்பு இருக்கிறது. 1952இல் பிறந்த ஜப்பானிய ஓவியரான அமானோ பதினைந்து வயதில் தட்சுனோகோ என்னும் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்து, 1982இல் வெளியேறி ஃப்ரீலான்ஸ் ஓவியரானவர். நாவல்களுக்கு வரைந்து பெயர் பெற்றிருந்த அவரை, ஃபைனல் ஃபேண்டஸி வரிசையை உருவாக்கிய ஸ்குவேர் நிறுவனம் அழைக்க, 1987 டிசம்பரில் வந்த முதல் விளையாட்டிலிருந்து ஆறாவது வரை பாத்திரங்களை அவரே வடிவமைத்தார். அவருடைய கோடுகள் காற்றில் அலையும் துணியையும் கூந்தலையும்போல நீண்டு செல்பவை. அவற்றை நின்டெண்டோவின் இயந்திரத்தில் 16க்கு 16 பிக்சல் கட்டத்தில், ஓர் உருவத்துக்கு மூன்றே நிறங்களில் அடக்க வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் ஸ்குவேரின் ஊழியரான கசுகோ ஷிபுயா. மொத்தம் 256 பிக்சல்களுக்குள் எந்தக் கோட்டை விடுவது, எந்தத் தொப்பியின் முனையைக் காப்பாற்றினால் ஆள் அடையாளம் தெரியும் என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்தார். புகழின் பெரும்பங்கு நெடுங்காலம் அமானோவுக்கே போனது. ஷிபுயாவைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது வெகு பின்னர்தான். ஏழாவது விளையாட்டில் பாத்திர வடிவமைப்பு டெட்சுயா நொமுராவின் கைக்குப் போன பிறகும், அமானோவின் ஓவியங்களும் தலைப்புச் சின்னங்களும் தொடர்ந்தன. தாளை விட்டு நகராமலே விளையாட்டு உலகில் இருப்பதற்கு அவர் ஒரு முன்மாதிரி. ஆனால் தனக்கென்று ஒரு ஷிபுயா வாய்க்காத ஓவியர், சிறிய நிறுவனங்களில் இருவர் வேலையையும் தாமே செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: வெளிநாட்டு விளையாட்டு நிறுவனம் ஒன்று பத்துப் பின்னணி ஓவியங்கள் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அதில் ‘வொர்க் ஃபார் ஹையர்’ என்று இருக்கிறது. கையெழுத்திடலாமா? (மதுரையிலிருந்து ஒரு ஓவியர்)

கையெழுத்திடுவது உங்கள் விருப்பம். எதை விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும் என்பதே என் கவலை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்தச் சொற்றொடருக்கு, வேலை கொடுத்தவரே சட்டத்தின் பார்வையில் படைப்பாளி என்று பொருள். உரிமையை உங்களிடமிருந்து வாங்குவதாக இல்லாமல், அது உங்களிடம் எப்போதுமே இருந்ததில்லை என்பதாக அது அமையும்.

இந்தியச் சட்டம் ஓவியருக்கு முழுவதும் சாதகமானது என்று எண்ணுபவர்களும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்றுக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே ஒப்பந்தமே வேண்டாம், நம்பிக்கையில் செய்துகொள்ளலாம் என்பது ஓவியருக்குத்தான் கேடு. உரிமை உங்களிடம் இருந்து அதை எழுத்தில் மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. உரிமையை விற்ற பிறகும், வரைந்தவர் நான் என்று சொல்லவும், நற்பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்தே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதப்பட்டிருந்தால் இந்தப் பாதுகாப்புகளை நம்பியிருக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை முதலில் தேடுங்கள்.

உரிமை முழுவதையும் தந்துதான் ஆக வேண்டும் என்றால், விளையாட்டு வெளியான பிறகு அந்தப் படங்களை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டும் அனுமதியையாவது எழுதி வாங்குங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தால் மூன்று ஆண்டு உழைப்பைக் காட்ட முடியாமல் அடுத்த வேலை தேடுபவர்கள் இந்தத் துறையில் உண்டு.

கேள்வி: கட்டணத்தை எப்படிக் கேட்பது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

படத்துக்கு இவ்வளவு என்று பேசுவதானால், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். ஒரு பகுதியை முன்பணமாகவும், முதல் வரைவுக்குப் பின் ஒரு பகுதியையும், இறுதிக் கோப்பைத் தரும்போது மீதியையும் பெறுவது வழக்கம். திட்டம் பாதியில் கைவிடப்பட்டால் எவ்வளவு என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். விளையாட்டுத் துறையில் வெளிவராத திட்டங்கள் சாதாரணம். ‘விற்பனையில் பங்கு தருகிறோம், இப்போது பணம் இல்லை’ என்பவர்களிடம், விற்பனைக் கணக்கை யார், எப்போது காட்டுவார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விளையாட்டில் ஓவியரின் பெயர் வருமா? (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

கேட்டால் வரும். நம் வார இதழ்த் தொடர்கதைகளுக்கு வரைந்தவர்களின் கையெழுத்தைப் படத்தின் மூலையில் பார்த்தே வாசகர்கள் அடையாளம் கண்டார்கள். விளையாட்டுப் படத்தில் அந்த மூலை கிடையாது. தொடக்க காலத்தில் அட்டாரி நிறுவனம் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரையே வெளியிடவில்லை. அந்த மனக்குறையும் சேர்ந்துதான் அதன் நிரலாளர்கள் சிலர் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். ஜப்பானிய விளையாட்டுகள் பலவற்றில் புனைபெயர்களே இடம்பெற்றன. ஆகவே உங்கள் பெயர் எந்த எழுத்துகளில், எந்தப் பொறுப்பின்கீழ் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நொடியில் பின்னணிகளை வரைந்து தள்ளும்போது இந்தத் தொழிலுக்கு வருவது அறிவுடைமையா? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

மலிவான, அவசரமான வேலைகள் ஓவியர்களின் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. புதியவர்கள் கைபழகிக்கொண்டது பெரும்பாலும் அந்த வேலைகளில்தான் என்பதால் இழப்பு சிறியதல்ல. மறுபக்கமும் ஒன்று உண்டு. மனிதர் படைக்காத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறியதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமும், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதி வகுத்தது. தன் கதாநாயகனின் முகத்தைப் பிறர் நகலெடுக்காமல் தடுக்க விரும்பும் நிறுவனத்துக்கு, அதை வரைந்த மனிதர் ஒருவர் தேவைப்படுகிறார். அதை நிரூபிக்க நிறுவனங்கள் உங்கள் முதல் கிறுக்கல்களையும் அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்புகளையும் கேட்கக்கூடும் என்பதால், அவற்றைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். இறுதிப் படத்தோடு சேர்த்து அவற்றையும் ஒப்படைப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம்.